கழுத்துக் கருப்பு போனில் தெரியாது

வேதாரண்யத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பிள்ளையைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனால் அன்றைய பள்ளிக்கூடமும் போச்சு, அப்பாவின் கூலியும் போச்சு. அதனால் எடை கூடுகிறது என்றதும் வீடியோ காலிலேயே டாக்டரைப் பார்த்துவிட நினைப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் தடவையே அப்படிப் பார்ப்பதுதான் பெரிய தவறு.

நேரில் போனால் உயரத்தைச் சரியாக அளந்து, வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையில் பிஎம்ஐ-யை, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கை, குறிப்பார்கள். பெரியவர்களுக்கு அதிக எடை என்று சொல்லும் 25 என்ற பிஎம்ஐ கணக்கு பிள்ளைகளுக்குச் செல்லாது. கையின் பருமனுக்கேற்ற பட்டையைச் சுற்றித்தான் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அப்புறம் அந்தக் கழுத்துக் கருப்பு. அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறோம், பாவம் பிள்ளை. அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். மங்கலான போன் கேமராவில் அது எங்கே தெரியப்போகிறது? இன்னொன்று, அதிகம் சாப்பிட்டுப் பருமனாகும் பிள்ளைகள் பொதுவாக உயரமாகவும் இருப்பார்கள். உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறினால் தைராய்டு போன்ற கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒவ்வொரு தடவையும் நேரில்தான் என்று பிடிவாதம் பிடித்து, குறுவை அறுப்பு வந்ததும் போவதையே விட்டுவிடுவது. இடைப்பட்ட மாதங்களுக்குப் போன் போதும். சில விஷயத்தில் அதுதான் மேல். பிள்ளை குறட்டை விடுவதைப் படம்பிடித்துக் காட்டலாம், அடுப்படி அலமாரியில் இருக்கும் முறுக்கு டப்பாவையும் காட்டலாம். வீடியோ காலில் டாக்டரைப் பார்க்க அரசு நடத்தும் இ-சஞ்சீவனியில் காசும் இல்லை. ஆனால் அடுத்த முறை வேறு டாக்டர் வரலாம், பழைய சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

எடை மெஷினைப் பாய்மேல் வைக்காதீர்கள், சமமான தரையில் வையுங்கள். தினமும் ஏற்றி நிறுத்தவும் வேண்டாம். வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடை குறையவே தேவையில்லை, ஏறாமல் நின்றால் உயரம் ஈடுகட்டிவிடும்.

போன் பேசும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல். அதற்காகத் திண்ணையில் உட்கார்ந்து, அத்தை, சித்தப்பா எல்லோரும் எட்டிப்பார்க்க, "குண்டாயிட்டான் டாக்டர்" என்று ஆரம்பித்தால் பிள்ளை அடுத்த முறை போன் பக்கமே வராது. உள்ளே உட்கார்ந்து அவனையே பேச விடுங்கள்.

இடுப்போ முட்டியோ வலித்து நொண்டி நடந்தாலும், திடீரென்று தாகமும் சிறுநீரும் அதிகமானாலும் போனை எடுக்காதீர்கள். அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள்.