ஓ.சி.எஸ். கனவோடு படிக்கும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு தம்பியாவது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பான்: “அண்ணா, ஓ.சி.எஸ். போகணும்னா இப்பவே என்ன செய்யணும்?” ஓ.சி.எஸ். என்றால் சிங்கப்பூர் ஆயுதப்படையின் அதிகாரிப் பயிற்சிப் பள்ளி. கேட்பவன் தொடக்கக்கல்லூரி இரண்டாம் ஆண்டிலோ பாலி (பாலிடெக்னிக்) கடைசி ஆண்டிலோ இருப்பான். நான் பாலி முடித்து, தேசிய சேவைக்குத் தெக்கோங் தீவுக்குப் போய், அங்கிருந்து ஓ.சி.எஸ்.ஸுக்குத் தேர்வானவன். இன்றும் ரிசர்விஸ்ட் (சேவை முடித்தவர்களுக்கான பயிற்சி) அழைப்பு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன். என்ன செய்ய வேண்டும் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். எதைச் செய்யக்கூடாது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் ஆர்.ஓ.டி.சி. என்ற ஏற்பாடு உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சியும் பெறலாம். இணையத்தில் அதைப் பற்றிப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் பையன்களுக்குப் பெரும்பாலும் கட்டாயத் தேசிய சேவை முதலில், பல்கலைக்கழகம் அப்புறம். புலாவ் தெக்கோங்கில் அடிப்படைப் பயிற்சி நடக்கும்போதே யார் ஓ.சி.எஸ். போவது என்று முடிவாகிவிடும். அங்கே தேர்வானால் ஜூரோங் பக்கம் இருக்கும் சாஃப்டி ராணுவக் கழகத்தில் சுமார் ஒன்பது மாதப் பயிற்சி. ஆகவே “யூனிவர்சிட்டி போனதும் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போட இங்கே வழியில்லை. தயாராவதற்குக் கிடைப்பது தொடக்கக்கல்லூரி அல்லது பாலி ஆண்டுகள்தான்.

அந்த ஆண்டுகளையும் பலர் கடைசி ஒரு மாதமாகச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பரீட்சை முடிந்த மறுவாரமே பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையைப் பையில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டு புளோக்கின் படிக்கட்டில் ஏறி இறங்கினான். பன்னிரண்டு மாடி, தினமும் நான்கு தடவை. பத்தாவது நாள் முழங்கால் வீங்கிவிட்டது. சேரும் தேதி வந்தபோது அவனால் சம்மணம் போட்டு உட்காரக்கூட முடியவில்லை. சுமை தூக்கி நடப்பதை அங்கே படிப்படியாகத்தான் கூட்டுவார்கள், கடைசியில்தான் 24 கிலோமீட்டர் நடை. வீட்டிலேயே அதை முடித்துவிட்டுப் போக வேண்டிய அவசியமே இல்லை.

ராணுவத்தின் உடற்தகுதித் தேர்வான ஐ.பி.பி.டி.யில் இப்போது மூன்றே அங்கம்: ஒரு நிமிட புஷ்-அப், ஒரு நிமிட சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். 100 புள்ளியில் ஓட்டத்துக்கு மட்டும் 50. 2015க்கு முன் ஐந்து அங்கம் இருந்ததால் மாமாமார் இன்னும் “பார்ல தொங்கிப் பழகுடா” என்றுதான் சொல்வார்கள். தொங்குவதும் வீணில்லை, தடைதாண்டும் பயிற்சியில் சுவர் ஏறக் கைவலு வேண்டும். ஆனால் ஓட்டத்தை விட்டுவிட்டு ஜிம்மிலேயே கிடப்பதுதான் தவறு. வாரத்துக்கு மூன்று நாள் போதும்: ஒருநாள் மெதுவாக நீண்ட ஓட்டம், ஒருநாள் மைதானத்தில் 400 மீட்டரை வேகமாக ஆறு முறை, ஒருநாள் லேசாக. நான்கைந்து மாதம் விடாமல் செய்தால் நேரம் தானாகக் குறையும்.

சேர்வதற்கு முன்பே 61 புள்ளி எடுத்துவிட்டால் 24 மாதச் சேவையில் இரண்டு மாதம் குறையும். அதனாலேயே பலர் 61ஐத் தொட்டதும் ஷூவைக் கழற்றிவிடுகிறார்கள். தங்க விருதுக்கு 85 வேண்டும். அதிகாரியாக நினைப்பவன் தன் குழுவின் கடைசி ஆளையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும், அதற்கான மூச்சு 61ல் வராது.

தூக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிவரை கேம் விளையாடிவிட்டு மதியம் எழுந்திருக்கும் உடம்பு, தெக்கோங்கின் முதல் வாரத்தில் படாத பாடு படும். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து பழகுங்கள். தண்ணீரும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில் தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதம்.

நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். பாலியில் இருந்தபோது நான் தனியாகத் தயாரானேன். தனியாக ஓடினேன், என் நேரத்தை மட்டும் நோட்டில் எழுதினேன். குரூப் புராஜெக்ட் என்றால் “நீங்க விடுங்க, நானே முடிச்சிடறேன்” என்று எல்லா ஸ்லைடையும் நானே போட்டுவிடுவேன். நல்ல மார்க் வந்தது. அதைத்தான் தலைமைப் பண்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தெக்கோங்கில் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை வைப்பார்கள். சிறு குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு முறை தலைவராக்கி, நேரக்கெடுவோடு ஒரு வேலையைக் கொடுப்பார்கள். என் முறை வந்ததும் நானே பலகையைத் தூக்கினேன், நானே கயிற்றைக் கட்டினேன், நடுநடுவே கத்தினேன். எங்கள் செக்ஷனில் அதிகம் பேசாத ஒருவன் இரண்டு தடவை, “அந்தப் பக்கம் நீளம் பத்தாது” என்றான். எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் நான் நிற்கவில்லை. நீளம் பத்தவில்லை. நேரமும் முடிந்துவிட்டது. மேற்பார்வையிட்ட சார்ஜென்ட் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். அடுத்து அந்த அமைதியானவன் தலைவன். முதல் ஒரு நிமிடம் எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து, “யாருக்கு என்ன தோணுது?” என்று கேட்டான். வேலை முடிந்தது.

அன்றிரவு பங்க்கில் (தங்கும் அறையில்) அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அதன்பிறகு மீதியிருந்த வாரங்களில் என் நடத்தையே மாறியது. ரைஃபிள் துடைக்கத் தெரியாதவனோடு உட்கார்ந்தேன், காட்டில் நடக்கும் ஃபீல்ட் கேம்ப்பில் மடக்கு மண்வெட்டியால் என் குழியைத் தோண்டி முடித்ததும் பக்கத்துக் குழிக்குப் போனேன். நான் தேர்வானதற்கு இதுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். ஏனென்றால் தேர்வில் சார்ஜென்ட்டுகளின் கருத்து மட்டும் பார்க்கப்படுவதில்லை, கூட இருப்பவர்களும் உங்களைப் பற்றி மதிப்பீடு எழுதுவார்கள். ஒரே அறையில் வாரக்கணக்கில் தூங்கி எழுந்தவர்களை ஏமாற்ற முடியாது. மேலதிகாரி வரும்போது மட்டும் சுறுசுறுப்பாகிறவனை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதைக் கல்லூரியிலேயே பழகலாம். குரூப் புராஜெக்ட்டில் சும்மா இருப்பவனை ஒதுக்காமல் அவனால் முடிந்த வேலையைக் கொடுத்து வாங்கிப் பாருங்கள். சி.சி.ஏ. என்ற இணைப்பாட நடவடிக்கையில் தலைவர் பதவி கிடைக்கவில்லை என்றால் பொருளாளராக இருங்கள், முகாமுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்யுங்கள். நாற்பது பேருக்கு, அதில் ஹலால் எத்தனை, சைவம் எத்தனை என்று கணக்குப் போட்டு நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது நல்ல பயிற்சி. ஒரு படைப்பிரிவை வழிநடத்தும்போது பாதி வேலை இதே மாதிரிதான் இருக்கும்.

படிப்பைக் கோட்டை விடுவதும் தவறு. “ஆர்மிக்கு எதுக்கு படிப்பு” என்பார்கள். ஓ.சி.எஸ்.ஸில் உட்கார்ந்து எழுதுவது நிறைய. திட்டத்தை எழுத வேண்டும், உத்தரவை வாய்விட்டுத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘செடியா’, ‘செனாங் டிரி’ என்று அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில் இருக்கும், மற்றதெல்லாம் ஆங்கிலம். வகுப்பில் முணுமுணுத்துப் பேசிப் பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். தமிழ் விவாதப் போட்டியில் பேசியிருந்தால் அதுவும் கைகொடுக்கும். கூட்டத்தின் முன் நின்று குரல் நடுங்காமல் பேசக் கற்றுக்கொண்டால், மொழி எதுவானாலும் உதவும்.

வரைபடம் பற்றி ஒரு வார்த்தை. ஃபோனில் நீலப் புள்ளியைப் பார்த்தே நடந்து பழகிய நமக்குக் காகித வரைபடமும் திசைகாட்டியும் கையில் வந்ததும் பயம் வரும். 100 மீட்டருக்கு உங்களுக்கு எத்தனை அடி என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். இடதுகால் ஊன்றும்போது மட்டும் எண்ணினால், மைதானத்தில் எனக்கு 64. காட்டுக்குள், மேட்டில், சுமையோடு அது 80ஐத் தாண்டிவிடும். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்து பாருங்கள். ராணுவ அதிகாரிப் பயிற்சியில் புருணைக் காட்டுக்குள்ளும் ஒரு கட்டம் உண்டு. அங்கே இந்தக் கணக்குதான் துணை.

மருத்துவப் பரிசோதனையில் எதையும் மறைக்காதீர்கள். வீசிங் இருந்தது, முன்பு வெயிலில் மயங்கி விழுந்தது, எதுவானாலும் சொல்லிவிடுங்கள். “சொன்னா ஓ.சி.எஸ். கிடைக்காது” என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் காரியம் இது.

படைக்குப் பெண்களும் வரலாம். அவர்களுக்குத் தேசிய சேவை கட்டாயமில்லை, நிரந்தரப் படையினராகச் சேர்ந்து இதே ஓ.சி.எஸ்.ஸில் பயிற்சி பெறலாம். உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்துக்கொண்டே அதிகாரியாக இருக்கும் வழியும் உண்டு. 1971ல் தொடங்கிய ஆயுதப்படை வெளிநாட்டு உபகாரச் சம்பளத்தின் முதல் அணியில், பின்னாளில் பிரதமரான லீ சியன் லூங்கும் இருந்தார். ஆனால் கல்லூரிக் கட்டணம் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். படிப்பு முடிந்தபின் எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற பகுதியை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.

பெற்றோர் செய்யும் தவறும் ஒன்று இருக்கிறது. “சித்தப்பா பையன் ஆபீசர் ஆயிட்டான், நீயும் ஆகணும்” என்று தெக்கோங்குக்குப் படகேறும் நாளில்கூடச் சொல்லி அனுப்புகிறார்கள். ஃபீல்ட் கேம்ப்பில், சேறும் வியர்வையுமாக இருக்கும் ஒரு மாலையில், வீட்டிலிருந்து வந்த கடிதத்தைக் கையில் கொடுப்பார்கள். என் அம்மா ஒரு பக்கம் தமிழில் எழுதியிருந்தார். காரிடார் தொட்டியில் கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது, தங்கை என் கட்டிலை எடுத்துக்கொண்டுவிட்டாள், சனிக்கிழமை விடுப்பில் புக் அவுட் ஆகி வரும்போது நண்டு சமைக்கிறேன். ஓ.சி.எஸ். பற்றி ஒரு சொல் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் அதை நான்கு தடவை படித்தேன். உங்கள் பிள்ளைக்கும் கடிதம் எழுதச் சொல்லிக் கேட்பார்கள். அப்படி எழுதுங்கள்.