அலெக்சாண்டரிடம் அரிஸ்டாட்டிலைத் தேடுவது எப்படி?

வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், "அரிஸ்டாட்டில் பாடம் சொன்னார், அலெக்சாண்டர் உலகை வென்றான்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். "என்ன பாடம் சார் சொன்னார்?" என்று கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி கேட்டபோது திருதிருவென விழித்தேன். அதன்பின் பழகிக்கொண்ட முறை இது.

முதலில் கரும்பலகையில் கணக்குப் போடுங்கள். அலெக்சாண்டரின் தந்தை பிலிப் மன்னன் அழைத்து அரிஸ்டாட்டில் மாசிடோனியா வந்தது கி.மு. 343. மாணவனுக்கு வயது 13. கி.மு. 340இல் தந்தை போருக்குப் போக, நாட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 16 வயதுப் பையன் தலையில் விழுந்தது. ஆக, மாசிடோனியாவின் மியேசா என்ற ஊரின் கல் இருக்கைகளிலும் நிழல் நடைபாதைகளிலும் பாடம் நடந்தது மிஞ்சிப்போனால் மூன்று ஆண்டுகள். சம்பளம் எவ்வளவு என்று எவனாவது கட்டாயம் கேட்பான். தான் அழித்த ஸ்டாகிராவை, ஆசிரியரின் சொந்த ஊரை, பிலிப் மறுபடி கட்டிக் கொடுத்தான் என்று சொல்லுங்கள்; வகுப்பு அமைதியாகிவிடும்.

அடுத்து, போர்க்களத்தை விடுங்கள், அலெக்சாண்டரின் மூட்டையைச் சோதியுங்கள். படை நடத்தும் வித்தை பெரும்பாலும் தந்தை வழி வந்தது. தலையணைக்கடியில் குத்துவாளோடு இருந்த ஹோமரின் இலியட் காவியம், அரிஸ்டாட்டில் திருத்திக் கொடுத்த பிரதி. ஆசியாவின் உட்பகுதியில் நூல் கிடைக்காமல் தன் கருவூல அதிகாரி ஹர்பாலஸிடம் சொல்லி யூரிப்பிடீஸ், சோபோக்ளீஸ் நாடகங்களை வரவழைத்தான். நண்பர்களுக்கு நோய் வந்தால் மருந்தும் பத்தியமும் தானே சொன்னான். அரிஸ்டாட்டில் அரண்மனை வைத்தியரின் மகன் என்பதை இங்கே சொன்னால்தான் சுவை.

இவையெல்லாம் கிரேக்க வாழ்க்கை வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் தருபவை. அவர் எழுதியது நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. எனவே ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸால் சிறிய கேள்விக்குறி போடுங்கள்.

பிறகு, மாணவன் ஆசிரியரை மீறிய இடத்துக்கு வாருங்கள். கிரேக்கர்களுக்குத் தலைவனாக இரு, மற்றவர்களுக்கு எசமானனாக இரு என்பது ஆசிரியரின் அறிவுரையாம். அவனோ பாரசீக உடை அணிந்தான், கி.மு. 324இல் பாரசீக நகரமான சூசாவில் தன் தோழர்கள் சுமார் 80 பேருக்குப் பாரசீக, மீடியப் பெண்களை மணமுடித்து வைத்தான். என்னைக் கேட்டால் இந்த மீறலுக்குத்தான் கூடுதல் மதிப்பெண். ஆனால் அவனை உத்தமனாக்கிவிடாதீர்கள். தன்முன் மண்டியிட மறுத்த, படையோடு வந்த வரலாற்று எழுத்தாளர் காலிஸ்தனிஸைப் பிறகு சதிப்பழி சுமத்திப் பிடித்தான். அவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் அரிஸ்டாட்டிலின் உறவினர்.

கடைசிப் பத்து நிமிடம், அந்தச் செய்தி ஏதென்ஸுக்கு எட்டிய நாளில் அரிஸ்டாட்டில் தன் பழைய மாணவனுக்கு எழுதியிருக்கக்கூடிய கடிதத்தை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் உண்டு என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை சொல்லிவிட்டு, கைடைப் பார்த்து எழுதிய நாற்பது கடிதங்களைத் திருத்தினேன்.