வீட்டு வேலைக்குப் பெரிய மானிட்டர்: கடலோரத்தில் இருப்பவர்கள் பார்த்து வாங்க வேண்டியவை

நான் கீழக்கரையில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன், தமிழ்ப் பிழைதிருத்தமும் செய்கிறேன். ஒரு பக்கம் எக்செல், மறுபக்கம் ஜிஎஸ்டி தளம் என்று லேப்டாப் திரையை இரண்டாகப் பிரித்து வேலை பார்ப்பவர்களுக்குப் பெரிய மானிட்டர் ஆடம்பரமில்லை. கண்ணுக்கும் கழுத்துக்கும் அது அவசியம். ஆனால் விளம்பரங்கள் அங்குலத்தையும் ஹெர்ட்ஸையும்தான் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண்) பெரிதாகப் போடுகின்றன. நாள் முழுக்க எழுத்துகளைப் பார்ப்பவருக்கு அவை இரண்டும் பிறகுதான். எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, நம் லேப்டாப் அந்தத் திரையை முழுதாக இயக்குமா, உப்புக்காற்றில் அது எத்தனை வருடம் தாங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் மேஜையை அளந்து பாருங்கள்

27 அங்குலத் திரை ஏறத்தாழ 60 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம். 32 அங்குலம் என்றால் 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். பழைய நாளிதழ்த் தாள்களை ஒட்டி இந்த அளவுக்கு வெட்டி, மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டுங்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினால் விரல் நுனி தாளைத் தொடும் தூரம்தான் 27 அங்குலத்துக்கு ஏற்றது. மூலைகளைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தால் அந்த மேஜைக்கு அந்த அளவு அதிகம். 32 அங்குலத்துக்கு மேஜையின் ஆழம் 75 செ.மீ.யாவது இருக்க வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் தையல் மேஜை, படிப்பு மேஜை பெரும்பாலும் அவ்வளவு ஆழம் இருப்பதில்லை.

ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். வெள்ளை மணலில் பட்டுத் திரும்பும் நம் ஊர் வெளிச்சத்துக்கு எந்த மேட் பூச்சும் ஈடுகொடுக்காது.

அங்குலத்தை விட்டுவிட்டு பிபிஐ-யைப் பாருங்கள்

ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல், அதாவது திரையின் ஒளிப்புள்ளி, என்பதுதான் பிபிஐ. 24 அங்குல ஃபுல் எச்டி (1920க்கு 1080 பிக்சல்) திரையில் அது சுமார் 92. அதே ஃபுல் எச்டியை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82 ஆகக் குறைகிறது. பிக்சல்களின் எண்ணிக்கை அதேதான், ஒவ்வொன்றும் பெரிதாகிறது, அவ்வளவுதான். 27 அங்குலத்தில் 2560க்கு 1440 என்றால் 109. அதே 1440 திரை 32 அங்குலம் என்றால் திரும்பவும் 92-க்கு வந்துவிடும். 27 அங்குல 4கே (3840க்கு 2160) 163, 32 அங்குல 4கே சுமார் 138.

ஆங்கிலம் மட்டும் படிப்பவர் 82-இல் சமாளித்துவிடலாம். தமிழுக்கு அது போதாது. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். சிறிய எழுத்தில் அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடுவதால், 'பல்லி'யில் புள்ளி இருக்கிறதா, விட்டுப்போனதா என்று மூக்கை நீட்டிப் பார்க்க வேண்டிவரும். ஐ, ஜ, ணை, ஞு எல்லாம் 82 பிபிஐ-யில் கறுப்புப் பொட்டலம் போலத் தெரியும். அதனால் 27 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரைத் தமிழ் வேலைக்கு நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. கையில் பத்தாயிரம்தான் இருக்கிறதென்றால் 24 அங்குலமே நல்லது.

என் தேர்வு 27 அங்குலம், 1440, ஐபிஎஸ் பேனல் (சாய்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை). விலை சுமார் 15 முதல் 20 ஆயிரம் ரூபாய். ஃபுல் எச்டியைவிட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கிடைப்பதால் எக்செல்லில் அந்த அளவுக்கு வரிசைகள் அதிகம் தெரியும். கண்ணில் வெள்ளெழுத்து வந்தவர்கள் விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலை 125 சதவீதம் வையுங்கள். கூட ஒரு பத்தாயிரம் போட முடிந்தால் 4கே எடுத்து 150 சதவீதத்தில் ஓட்டலாம். இடம் 1440 அளவுக்கே இருக்கும், எழுத்து மட்டும் அச்சடித்த புத்தகத்துக்கு அருகில் வந்துவிடும்.

விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், படம் பார்க்க அருமை. ஆனால் பெரிய திரையில் ஓரங்களைச் சாய்கோணத்தில்தானே பார்க்கிறோம், அங்கே நிறம் வெளிறும். டிஎன் என்ற மூன்றாவது வகை வேண்டவே வேண்டாம். வளைந்த திரையும் கணக்கு வேலைக்கு வேண்டாம், எக்செல்லின் நேர்கோடுகள் வளைந்து தெரியும். 144, 165 ஹெர்ட்ஸ் விளையாட்டுக்கானது. 75-ஓ 100-ஓ இருந்தால் தாராளம்.

கடையில் பார்த்து வாங்குவதாக இருந்தால், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் கலர் வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தையோ உங்கள் பென்டிரைவில் உள்ள தமிழ் பிடிஎஃப்-ஐயோ நூறு சதவீத அளவில் திறந்து, கையெட்டும் தூரத்தில் நின்று ஐந்து நிமிடம் படியுங்கள். படிக்க விடாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

லேப்டாப்பும் கேபிளும்: இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடமும் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 4கே மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டினால் படம் வந்துவிடும், எல்லாம் சரியென்று தோன்றும். ஆனால் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது எழுத்து இழுபடும். ஒரு மணி நேரத்தில் தலை கனக்கும். மானிட்டர் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் மானிட்டரில் ஒரு குறையும் இருக்காது.

காரணம் இது. 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரம் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 முறை அனுப்ப 2013-இல் வந்த 2.0 தரம் வேண்டும். லேப்டாப்பில் உள்ள துளையைப் பார்த்து எது எந்தத் தரம் என்று கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் ஒரே வடிவம். 2019-க்கு முந்தைய பல லேப்டாப்களில் இருப்பது 1.4-தான்.

சோதிப்பது எளிது. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய், புதிய மானிட்டரைத் தேர்ந்தெடுத்து ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பாருங்கள். 60-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 30 என்று இருந்தால் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

மானிட்டரின் சொந்த மெனுவில் எச்டிஎம்ஐ தரத்தை 1.4, 2.0 என்று மாற்றும் ஓர் அமைப்பு சில மாடல்களில் உண்டு. பழைய கருவிகளோடு ஒத்துப்போவதற்காக 1.4-இல் வைத்தே அனுப்பியிருப்பார்கள். அதை 2.0 ஆக்கினாலே பலருக்குச் சரியாகிவிடும். காசு செலவில்லாத வழி என்பதால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது நடுவில் இருக்கும் அடாப்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டைப்-சி எச்டிஎம்ஐ மாற்றிகளில் நிறைய, 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுபவை. பெட்டியில் '4கே' என்று பெரிதாகவும் '30' என்று பொடியாகவும் அச்சிட்டிருக்கும். '4கே 60' என்று தெளிவாகப் போட்டதை மட்டும் வாங்குங்கள். கேபிளில் 'ப்ரீமியம் ஹை ஸ்பீடு' என்ற குறிப்பு இருந்தால் போதும், அதற்கு மேல் தங்க முலாம், வெள்ளி இழை என்று ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக லேப்டாப்பே தாங்காதது என்று தெரிந்தால், அதில் டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு படத் துளை இருக்கிறதா, டைப்-சி துளை படம் அனுப்புமா என்று மாடல் விவரத்தாளில் பாருங்கள். எல்லா டைப்-சியும் படம் அனுப்பாது, சில சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டும்தான். எதுவுமே இல்லையென்றால் 1440 மானிட்டர் வாங்குங்கள். அதைப் பழைய எச்டிஎம்ஐ 1.4-ஆலும் 60-இல் ஓட்ட முடியும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு 1440-ஐ நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் சரியான பிறகு, விண்டோஸ் ஸ்டார்ட்டில் கிளியர்டைப் என்று தேடி, எழுத்தைத் தெளிவாக்கும் அந்தத் திருத்தத்தை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். தமிழ் எழுத்தில் உடனே வித்தியாசம் தெரியும்.

உப்புக்காற்றுக்கு என்ன செய்வது

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி எங்கிருந்தாலும் இது பொருந்தும். காற்றில் வரும் உப்பு சர்க்யூட் பலகைமேல் படியும். உப்புக்கு ஒரு குணம், காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். அந்த உப்புநீர் மின்சாரம் கடத்தும், செம்பை அரிக்கும். இரவில் நம் கரையில் அந்த ஈரப்பதம் சாதாரணம்.

மானிட்டரைத் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள். அதன் சூடே உள்ளே ஈரம் தங்கவிடாது. அணைத்து ஆறிய பிறகு பருத்தித் துணி போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தைப் பூட்டிவைத்துவிடும். பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும், காற்று வரும் பக்கத்து ஜன்னலுக்கு நேராகத் திரையின் முதுகைக் காட்ட வேண்டாம்.

திரையைக் காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. உப்புத் துகள் இழுபட்டுப் பூச்சைக் கீறும். மைக்ரோஃபைபர் துணியில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை (ஆசிட் அல்ல) லேசாகத் தொட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு துடையுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் துடைத்தால் அதன் உப்பே வெள்ளைத் திட்டாக நிற்கும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் ஆகாது.

ஸ்டாண்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. மலிவு மானிட்டர்களின் ஸ்டாண்டு முன்னும் பின்னும் சாயும், உயராது. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். ஸ்டாண்டுக்குப் பதிலாகத் திரையைத் தாங்கும் இரும்பு ஆர்ம் இங்கே திருகாணியிலிருந்தே துருப்பிடிக்கும், வாங்கினால் அலுமினியம் வாங்குங்கள். மானிட்டரின் பின்னால் ஆர்மை மாட்டுவதற்கான 100க்கு 100 மி.மீ. வெசா துளை இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் ஆசாரியிடம் சொல்லிப் பனங்கட்டையில் ஒரு தாழ்வான பலகை செய்துகொள்வதே மேல். அது துருப்பிடிக்காது, கனத்துக்கு அசையாது.

மின்சாரம், வாரண்டி

27 அங்குலம் 25 முதல் 40 வாட்தான் எடுக்கும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று லேப்டாப், மானிட்டர், ரூட்டர் மூன்றையும் கோப்பைச் சேமித்து முடிக்கும்வரை தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் பிளக்கையும் எச்டிஎம்ஐ கேபிளையும் சேர்த்தே பிடுங்குங்கள். பவர் அடாப்டர் வெளியே தனியாக இருக்கும் மாடலை நான் விரும்புகிறேன், மின்னழுத்தம் ஏறி இறங்கிப் போனால் அடாப்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று வருட வாரண்டி உள்ளதை வாங்குங்கள். அது வீட்டுக்கு வந்து பார்க்கும் சர்வீஸா என்பதை 623-இல் தொடங்கும் உங்கள் பின்கோடைச் சொல்லி வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் அவ்வளவு பெரிய திரையை மதுரைவரை நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும். அதனால் அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் எறியாதீர்கள். கூரியர் வந்ததும் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். முதல் நாளே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் நிறம் போட்டு, நிறம் மாறாமல் நிற்கும் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவர்கள் பில்லில் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்ல மறக்காதீர்கள், உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம்.

பின்சேர்க்கை, வாசகர்கள் கேட்டவை

மண்டபத்திலிருந்து ஒருவர், 43 அங்குல 4கே டிவி மானிட்டரைவிட மலிவாகக் கிடைக்கிறதே, அதை வைக்கலாமா என்று கேட்டிருந்தார். பிபிஐ சுமார் 102, தாராளம். ஆனால் பல டிவிகள் நிறத் தகவலைச் சுருக்கி வாங்குவதால் சிவப்பு, நீல எழுத்துகளின் விளிம்பு கலங்கும். அந்த எச்டிஎம்ஐ துளைக்கு 'பிசி' என்று பெயர் மாற்றினால் சிலவற்றில் சரியாகும். மேஜை 90 செ.மீ. ஆழமாவது வேண்டும். 32-க்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டதால், பெரிய மானிட்டரின் விலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன 1440 யோசனை அப்படியே பொருந்தாது. 2018-இன் மொஹாவே பதிப்பிலிருந்து ஆப்பிள் எழுத்தை மென்மையாக்கும் பழைய முறையை எடுத்துவிட்டது. 109 பிபிஐ-யில் தமிழ் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். 27 அங்குல 4கே எடுங்கள்.

துபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிடலாமா என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். மின்னழுத்தம் ஒத்துப்போகும், சதுர முள் பிளக்கை மாற்றினால் போதும். ஆனால் பெரும்பாலான மானிட்டர் வாரண்டி வாங்கிய நாட்டுக்குள்தான் செல்லும், விமானத்தில் லக்கேஜாக வரும் திரைக்கு விரிசல் பயமும் உண்டு. விலை வித்தியாசம் ஐந்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் இங்கேயே வாங்கிவிடுங்கள்.