முதல் குளிர்காலமும் பின்மண்டையில் ஒரு வட்டமும்

ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த வருடமே, குளிர்காலத்தின் நடுவில் முடிவெட்டப் போயிருந்தேன். வெட்டியவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். நாணயம் அளவுக்கு வழவழவென்று வெறும் தோல். அரிப்பில்லை, வலியில்லை. நாம் புழுவெட்டு என்போமே, அதுதான். புழுவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது. மருத்துவர் ‘அலோபீசியா ஏரியேட்டா’ என்று எழுதுவார். வேர்க்குழி அழிவதில்லை, மறுபடி முளைக்கும் வாய்ப்பு உண்டு.

“வைட்டமின் டி குறைஞ்சிருக்கும், மாத்திரை போடுங்க” என்று எல்லாரும் சொன்னார்கள். பாதி சரி.

குறைந்திருக்கும் என்பது சரி. தோலில் இந்த வைட்டமின் உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். நீங்கள் வந்திருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 50 பாகைக்கு அப்பால் உள்ள ஊர் என்றால், குளிர்கால வெயிலில் அது போதிய அளவு இருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்தும் பயனில்லை, கண்ணாடி தடுத்துவிடும். நம் தோலின் கருமைக்கு அதே அளவு வைட்டமினுக்கு இன்னும் கூடுதல் வெயில் தேவை.

அதனால்தான் முடி கொட்டியது என்பதற்குத்தான் ஆதாரம் போதாது. புழுவெட்டு உள்ளவர்களிடம் சராசரியாக வைட்டமின் டி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எது எதற்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. இந்த வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி பிறவியிலேயே பழுதானால் தலைமுடி முழுக்க உதிர்வதுண்டு. வைட்டமின் மட்டும் குறைந்தால் அப்படி ஆவதில்லை.

சந்தேகமிருந்தால் ‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’ என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. கிளம்புமுன் எடுத்ததில் 22, வந்தபின் 55, “ஏறிடுச்சு” என்று நண்பர் ஒருவர் சந்தோஷப்பட்டார். முதலாவது மில்லிலிட்டருக்கு நானோகிராம், இரண்டாவது லிட்டருக்கு நானோமோல், அலகே வேறு. 22-ஐ 2.5-ஆல் பெருக்குங்கள், 55தான்! 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும்முன் சொல்லிவிடுங்கள். தைராய்டு போன்ற பரிசோதனைகளைத் தப்பாகக் காட்டிவிடும். தைராய்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது, புழுவெட்டோடு தைராய்டு கோளாறும் வருவதுண்டு.

பெட்டியில் கொண்டுவந்த 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் விழுங்காதீர்கள். அது வாரம் ஒன்று என்று மருத்துவர் கணக்குப் பார்த்துத் தருவது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கல் வரை போகும். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு நாளைக்கு 400 முதல் 600 யூனிட் போதும். டப்பாவில் மைக்ரோகிராம் போட்டிருந்தால் 40 யூனிட்டுக்கு 1 என்று கணக்கு.

வந்து இரண்டு மூன்று மாதத்தில் சீப்பு நிறைய முடி வருகிறது, வட்டம் ஏதுமில்லை என்றால் அது வேறு. அலைச்சல், காய்ச்சல், எடை இறங்கியது, ஏதோ ஒன்றின் பின்விளைவாக இருக்கலாம். பெரும்பாலும் தானே நிற்கும்.

வட்டம் தெரிந்த அன்றே தேதியோடு படம் எடுத்து வையுங்கள். தோல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நாட்களில் அது பெரிதாகலாம், மறையவும் செய்யலாம். எனக்கு வட்டத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். குறைந்திருந்த வைட்டமின் டிக்கு மாத்திரையும் கூடவே போட்டேன். எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. சின்ன வட்டங்கள் தானாகவே மூடிக்கொள்வதும் உண்டு. முதலில் முளைத்தது வெள்ளை முடி. கறுப்பு பிறகுதான் வந்தது.