அம்மா நடமாடும்போதே கேட்க வேண்டிய கேள்வி: மனநல இல்லங்கள் விஷயத்தில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் சொன்னபோது அவருக்கு 24 வயது. இப்போது ஐம்பதை நெருங்குகிறார். இடைப்பட்ட காலத்தில் எங்கள் வீட்டில் செய்யாத தவறு கிடையாது. கீழே வருபவற்றில் பாதி நாங்களே செய்தவை. மீதி, பராமரிப்பாளர் கூட்டங்களில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள், இடைவேளைத் தேநீரின்போது குரலைத் தாழ்த்திச் சொன்னவை.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் ஒரு வாக்கியம். "நான் இருக்கிறவரைக்கும் நான் பார்த்துக்கறேன்." எங்கள் அம்மாவும் இதைத்தான் சொன்னார். மாத்திரை எடுத்துக் கொடுப்பது அம்மா, மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது அம்மா, சோறு, துணி, கைச்செலவுக்குக் காசு எல்லாமே அம்மா. இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவிலும் அங் மோ கியோவிலும் இப்படி எத்தனையோ மூவறை வீடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுபத்தைந்து வயது அம்மா, நாற்பத்தைந்து வயது மகன். ஒருநாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. அதே வாரம் மகன் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். திருமணமாகிப் பொங்கோலில் இருக்கும் தங்கைக்கு ஒரே நாளில் இரண்டு மருத்துவமனைகளிலிருந்து போன் வருகிறது. இல்லம் என்ற பேச்சு அந்த வீட்டில் முதன்முதலாக அன்றைக்குத்தான் எழும்.

அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு எப்படி நல்ல முடிவாக இருக்கும்? மதிப்பீடு, வருமானச் சோதனை, காத்திருப்பு என்று எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். அதைவிட மோசம், அந்த மனிதர் தாயையும் வீட்டையும் ஒரே மாதத்தில் இழக்கிறார். உடல்நிலை சீராக இருக்கும்போது, அம்மா நடமாடும்போது, "வெளியே தங்கிப் பழகலாமா?" என்று அவரையே கேட்டு, முதலில் ஒரு பகல்நேர நிலையத்துக்குப் போய்வரச் சொல்லிப் பார்ப்பது எவ்வளவோ மேல். நாங்கள் பதினைந்து வருடம் தாமதமாகத்தான் கேட்டோம்.

எல்லா இல்லமும் ஒன்றல்ல

"ஹோம்ல போட்டுட்டாங்க" என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் 'போட்டு' என்ற சொல்லிலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. உண்மையில் சிங்கப்பூரில் இந்த இடங்கள் நாலைந்து வகை. எது எதற்கு என்று தெரியாமல் தவறான கதவைத் தட்டுவது அடுத்த பெரிய தவறு.

மனநல மறுவாழ்வு இல்லம் என்பது பயிற்சிக்கூடம் மாதிரி. மருத்துவமனையிலிருந்து வந்தவர் சில காலம் அங்கே தங்கி, மாத்திரையைத் தானே எடுப்பது, சமைப்பது, பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவு செய்வது, வேலைக்குத் தயாராவது ஆகியவற்றைப் பழகிக்கொண்டு வெளியே வர வேண்டும். 'ஷெல்டர்ட் ஹோம்' வேறு. நோய் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் தங்க இடமில்லை அல்லது குடும்பத்தோடு இருக்க முடியவில்லை என்பவர்கள் அங்கிருந்தபடியே வேலைக்குப் போய்வரலாம். அங்கே மேற்பார்வை குறைவு. பகல்நேர நிலையத்துக்குக் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். நீண்டகாலத் தாதிமை தேவைப்படுபவர்களுக்கு மனநலத் தாதிமை இல்லம். இதையெல்லாம் 'ஹாஃப்வே ஹவுஸ்' என்று சொல்லிக் குழப்புகிறவர்களும் உண்டு. இங்கே அந்தப் பெயர் பெரும்பாலும் சிறையிலிருந்தும் போதைப்பொருள் மறுவாழ்விலிருந்தும் வருகிறவர்களுக்கான இல்லங்களைக் குறிக்கும். இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆஷ்ரம் அந்த வகை. மனச்சிதைவு உள்ள தம்பிக்கு இடம் கேட்டு அங்கே போன் செய்தவரை எனக்குத் தெரியும்.

இந்த இல்லங்களுக்கு நேராகப் போய் இடம் கேட்பதைவிட, சிகிச்சை தரும் மருத்துவர் அல்லது மருத்துவ சமூக சேவகர் வழியாகப் போவதே வழக்கம். விண்ணப்பம் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்குப் போகும். கட்டணச் சலுகை குடும்பத்தின் தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதைப் பொறுத்தது. "நமக்குக் கட்டுபடியாகாது" என்று கேட்காமலேயே முடிவுகட்டுவது வீண். சமூக சேவகரிடம் கூச்சப்படாமல் கணக்கைக் காட்டுங்கள். மனச்சிதைவு, பெரும் மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, பதற்றக் கோளாறு ஆகியவற்றுக்கு வெளிநோயாளிச் சிகிச்சையில் மெடிசேவ் (கட்டாய மருத்துவச் சேமிப்பு) பணத்தை வரம்புக்குட்பட்டுப் பயன்படுத்தலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

விண்ணப்பத்தில் பொய் சொல்வதும் நடக்கிறது. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், கைநீட்டியதையும் தற்கொலை முயற்சியையும் மறைக்கிறார்கள். அது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அவர் திரும்பி வருவார், இன்னொரு தோல்வியோடு. தற்கொலை முயற்சி 2020 ஜனவரியிலிருந்து இங்கே குற்றமும் அல்ல. அதை மறைக்கச் சட்டப் பயம் தேவையில்லை.

'உட்பிரிட்ஜ்' என்ற பயம்

மூத்தவர்கள் இன்னமும் 'உட்பிரிட்ஜ்' என்றே சொல்கிறார்கள். 1928இல் இயோ சூ காங் சாலையில் தொடங்கிய மருத்துவமனை அது. 1951இல் அந்தப் பெயர் வந்தது. 1993இல் புவாங்கோக்கிற்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆனது. பெயர் மாறி முப்பது வருடம் தாண்டியும், உள்ளே போனால் வெளியே வர முடியாது என்ற பழைய பயம் மட்டும் இடம் மாறவில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் விருப்பமில்லாமல் அனுமதிக்கப்பட்டால் முதலில் 72 மணி நேரம்தான். நீட்டிக்க வேண்டுமானால் இன்னொரு மருத்துவர் பார்த்து ஒரு மாதம் வரை. அதற்கு மேல் ஆறு மாதம் வரை என்றால் இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். இது தெரியாததால்தான் குடும்பங்கள் நிலைமை கைமீறும்வரை பொறுத்திருந்து, கடைசியில் காவல்துறையின் 999ஐ அழைக்கின்றன. சீருடையில் காவலர்கள் வர, எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறக்க, மின்தூக்கி வரை நடப்பது இருக்கிறதே, அது அண்ணனுக்கு நோயைவிட அதிக நாள் வலித்தது. உயிருக்கு ஆபத்து என்றால் 999 அல்லது ஆம்புலன்ஸுக்கான 995தான், அதில் யோசிக்க எதுவுமில்லை. அதற்கு முந்தைய கட்டத்தில் மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222 இருக்கிறது. 2025இல் வந்த 1771 என்ற தேசிய எண்ணும் இருக்கிறது. தூக்கம் குறைவது, தனக்குத்தானே பேசுவது, சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்பது போன்ற முதல் அறிகுறிகள் தெரிந்ததுமே அழைக்கலாம்.

கல்யாணமும் கயிறும்

கோயிலுக்குப் போவதில் தவறே இல்லை. அண்ணன் இன்றும் வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறார், அது அவருக்குப் பிடிப்பு. ஆனால் ஏழரைச் சனி முடியட்டும் என்று மாத்திரையை ஒத்திப்போட்டோமே, அது தவறு. செய்வினை என்று ஒருவர் சொல்லி, ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு மாதம் வைத்திருந்தோமே, அது அதைவிடப் பெரிய தவறு. தமிழ்நாட்டில் நல்ல மனநலச் சேவைகள் உண்டு. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு உலகறிந்தது. ஆனால் நம்மவர்கள் தேடிப் போவது பெரும்பாலும் அங்கே அல்ல. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் என்ன நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களையும் குணமாகட்டும் என்றுதான் யாரோ கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அப்புறம், ஊரிலிருந்து மருந்து வாங்கி வருவதும் சாதாரண விஷயமல்ல. சில மனநல மருந்துகளுக்கு இங்கே முன்அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், என்ன சாப்பிட்டார் என்று இங்குள்ள மருத்துவருக்குத் தெரியாமல் போவது.

"ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பதைப் பற்றி ஒரு வரிதான் எழுதுவேன்: சரியாகாது, இரண்டு வீடு கெடும். திருமணமே கூடாது என்று சொல்லவில்லை, மறைத்துச் செய்யக் கூடாது.

அன்பு என்று நினைத்துச் செய்பவை

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களின் நிலையைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறையிலோ உடன்பிறந்தார் வீட்டிலோ தங்கியவர்கள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். குடும்பம்தான் மருந்து என்று நம்பும் நமக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி. பின்னர் நடந்த ஆய்வுகள் காரணத்தைத் தெளிவாக்கின. ஓயாத குறைசொல்லல், கோபம், அப்புறம் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திக் காப்பது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று மிகுந்திருக்கும் வீட்டில்கூட நோய் திரும்புவது அதிகம்.

எங்கள் வீட்டில் மூன்றுமே இருந்தன. அப்பா "சோம்பேறி" என்பார். படுக்கையை விட்டு எழாதது, குளிக்காதது, பேசாதது எல்லாமே நோயின் அங்கம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அம்மா நேர் எதிர். தட்டைக்கூட எடுத்து வைக்க விடமாட்டார். நான் என் பங்குக்கு மாத்திரையைப் பொடித்து மைலோவில் கலந்து கொடுத்தேன். ஒருநாள் அடியில் தங்கிய வெள்ளையைப் பார்த்துவிட்டார். அதன்பிறகு ஒரு வருடம் நான் கொடுத்த தண்ணீரைக்கூட அவர் குடிக்கவில்லை. உணவில் விஷம் வைக்கிறார்கள் என்று பயப்படுகிற ஒருவரிடம், அது உண்மைதான் என்று நானே நிரூபித்துவிட்டேன். மாத்திரை ஒத்துவரவில்லை என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. எடை கூடுகிறது, நாள் முழுக்கத் தூங்குகிறார் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றக் கேட்கலாம். நன்றாக இருக்கிறாரே என்று திடீரென நிறுத்துவது மட்டும் வேண்டாம். அவர் நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

இல்லத்தில் அண்ணனுக்கு அதிகம் உதவியவர் மருத்துவரோ தாதியோ அல்ல. தானே இருமுனைக் கோளாறிலிருந்து மீண்டு, பயிற்சி பெற்று அங்கே வேலை செய்யும் ஒருவர். இப்படிப்பட்ட சகாக்களுக்கு முறையான பயிற்சி 2016 முதல் இருக்கிறது. இல்லத்தைப் பார்க்கப் போகும்போது அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். சைவச் சாப்பாடு உண்டா, தமிழ் பேச யாராவது உண்டா, கைப்பேசியை வைத்துக்கொள்ளலாமா, வாரக்கடைசியில் வீட்டுக்கு வரலாமா, எவ்வளவு காலம் தங்கலாம், அதற்குப் பிறகு எங்கே போவார் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்காமல் முடிவெடுப்பது இன்னொரு தவறு.

வீடும் பத்திரமும்

பெற்றோர் காலமானதும் வீவக (வீட்டு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுச் சமமாகப் பிரித்துக்கொள்வதுதான் நியாயம் என்று தோன்றும். மற்ற பிள்ளைகளுக்கு அது கூடுதல் பணம். நோயுள்ள பிள்ளைக்கு அது ஒரே கூரை. கையில் ஒரு தொகையோடு வாடகை அறை தேடும் நிலைக்கு அவர் வந்துவிடுவார். வாடகை வீவக வீட்டில் தனியாள்கள் இருவர் சேர்ந்து இருப்பதே வழக்கம். குரல்கள் கேட்கும் ஒருவருக்கு முன்பின் தெரியாதவரோடு ஓரறை வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேர்ந்து குடியிருப்பவர்களைப் பொருத்தி, சச்சரவைத் தீர்க்க ஒரு நிர்வாக அமைப்பு இருக்கும் திட்டத்தை 2021இல் வீவக தொடங்கியது. விண்ணப்பிக்கும்போது அதைப் பற்றியும் விசாரியுங்கள்.

எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம் (முடிவெடுக்கும் திறன் போனால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிப்பது) கிழவர்களுக்கு மட்டும் என்று நினைப்பதும் தவறு. 21 வயதானவர், புரிந்து முடிவெடுக்கும் திறன் உள்ளவரை, எழுதிவைக்கலாம். மனநோய் இருக்கிறது என்பதாலேயே அந்தத் திறன் இல்லை என்று ஆகிவிடாது. தெளிவாக இருக்கும் காலத்தில் அவர் தனக்கு நம்பிக்கையானவரைத் தேர்ந்தெடுக்கட்டும். திறன் போன பிறகு என்றால் நீதிமன்றம் போய்ப் பிரதிநிதியாக நியமனம் கேட்க வேண்டும். அம்மாவும் ஒன்று எழுதிவைக்க வேண்டும், அதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

வேலை பற்றிச் சுருக்கமாக: விண்ணப்பப் படிவத்தில் மனநல வரலாற்றைக் கேட்கக் கூடாது என்று 2020இலேயே முதலாளிகளுக்கு வழிகாட்டி வந்துவிட்டது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்திலும் மனநலம் இடம்பெற்றிருக்கிறது. "யார் இவனுக்கு வேலை கொடுப்பாங்க" என்று வீட்டிலேயே தேர்வு முடிவை அறிவித்துவிடாதீர்கள்.

இல்லத்தில் விட்டபிறகு போகாமல் இருப்பதைத் தவறு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் செய்தது வேறு. குற்ற உணர்ச்சியில் ஞாயிறு தவறாமல் பிரியாணியோடு போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டாயா என்று அம்மாவின் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் அண்ணன் பொட்டலத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வாரம் வராதடா. ஞாயித்துக்கிழமை சமையல் என் முறை, எட்டுப் பேருக்கு ரசம் வைக்கணும்."