மாடியிலிருந்து இடிபாடு இறக்கும் சூட் குழாயின் கடைசி இரண்டு துண்டுகளைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டுங்கள்

மூணாவது மாடியிலிருந்து உடைத்த செங்கல், காரையை இறக்க பிளாஸ்டிக் சூட் (chute, துண்டு துண்டாகச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிடும் அகலமான குழாய்) மாட்டுகிறீர்கள் என்றால், மேலே நேராகத் தொங்கவிட்டு, கீழே கடைசி இரண்டு துண்டுகளை மட்டும் கயிறு போட்டு டிராக்டர் பெட்டி பக்கம் இழுத்துக் கட்டுங்கள். 10 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழும் செங்கல் தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்தச் சாய்வில் உரசி வேகம் குறைந்து, சில்லு தெறிப்பதும் தூசி கிளம்புவதும் நன்றாகவே அடங்கிவிடும். ஆனால் படுக்கையாக இழுத்துவிடாதீர்கள், 45 டிகிரிக்குக் கீழே போனால் காரை அங்கேயே தங்கி அடைத்துக்கொள்ளும், அந்தப் பாரம் முழுக்க மேலே கட்டிய சங்கிலியில்தான் ஏறும். அதனால் சங்கிலியைத் தூணில் சுற்றிக் கட்டுங்கள், கைப்பிடிச் சுவரிலோ ஜன்னல் கிரில்லிலோ தயவுசெய்து வேண்டாம்.

ஈரக் கலவை, நீளக் கம்பி, பலகைக்கு இது சரிப்படாது, சாய்வில் சிக்கிக்கொள்ளும். அப்புறம், அடைத்துக்கொண்டால் மேலே கொட்டுவதை நிறுத்திவிட்டு மேலிருந்துதான் எடுக்க வேண்டும், கீழே நின்று அண்ணாந்து எட்டிப் பார்க்கவே கூடாது.