டீசலா, பெட்ரோலா? பெங்களூரில் எஸ்யூவி வாங்கும்போது செய்கிற தவறுகள்

பெங்களூரில் வேலை, சொந்த ஊர் நாமக்கல் பக்கம், வீட்டில் ஒரு சின்னக் குழந்தை, பதினைந்திலிருந்து இருபது லட்சம் பட்ஜெட், வண்டி மட்டும் மிதித்தால் பாய வேண்டும். இந்த நிலையில் நாலு பேரையாவது எனக்குத் தெரியும். நாலு பேருக்கும் ஊரில் லாரி வைத்திருந்த ஒரு மாமா உண்டு. அவர் போனில் சொல்வது ஒன்றுதான்: "மாப்ள, டீசலே எடுத்துக்க, இழுவை இருக்கும், மைலேஜும் வரும்." ஆபீஸ் நண்பன் சொல்வது: "மச்சி, டீசல் காலம் முடிஞ்சுபோச்சு, டர்போ பெட்ரோல் போ." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மாமா மனதில் இருப்பது பதினைந்து வருஷத்துக்கு முந்தைய டீசல், நண்பன் மனதில் இருப்பது அவனுடைய வண்டி. உங்கள் ரோடு எது, தினமும் எவ்வளவு நேரம் எப்படி ஓட்டுவீர்கள் என்று இருவருமே கேட்கவில்லை.

அதனால்தான் "மாசம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் டீசல், இல்லாவிட்டால் பெட்ரோல்" என்ற கணக்கை நம்பி வாங்குவதை முதல் தவறு என்கிறேன். 2020 ஏப்ரல் 1-க்கு முன்னால் அது ஓரளவு சரி. அன்றைக்கு பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது, டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. புகையில் வருகிற கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எரித்துத் தள்ள வேண்டும், அதற்கு 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தேவை. ஹைவேயில் அறுபது எழுபதில் இருபது நிமிடம் விடாமல் போனால் வேலை தானாக முடிந்துவிடும். ஊர்ந்து போகும்போது அந்தச் சூடு வராது, அதனால் இன்ஜினே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்துச் சூட்டை ஏற்றப் பார்க்கும், அந்த நேரம் பார்த்து நீங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் வண்டியை அணைத்துவிட்டால் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும்.

இப்போது இரண்டு பேரை வைத்துப் பாருங்கள். ஒருவர் தினமும் மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம் வழியாக முப்பது கிலோமீட்டர் போய் முப்பது கிலோமீட்டர் திரும்புகிறார், ஒவ்வொரு நடைக்கும் ஒன்றரை மணி நேரம். இன்னொருவர் வீட்டிலிருந்தே வேலை, மாதம் இரண்டு தடவை நாமக்கல் போய் வருகிறார், மீதி அக்கம்பக்கம். இருவருக்கும் மாதம் 1,500 கிலோமீட்டர்தான். இரண்டாமவருக்கு டீசல் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், முதலாமவருக்கு நான் சொல்ல மாட்டேன். பிள்ளையை மூன்று கிலோமீட்டரில் இருக்கும் பள்ளியில் விட்டுவிட்டு வருவதற்கென்று டீசல் எஸ்யூவி எடுப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது!

என் சித்தி மகன் அப்படித்தான் எடுத்தான். கோரமங்களாவில் வீடு, ஆறு கிலோமீட்டரில் ஆபீஸ். எட்டாவது மாதம் மீட்டரில் டிபிஎஃப்பின் மஞ்சள் விளக்கு. சர்வீஸ் சென்டரில் "ஒரு ரவுண்டு லாங் போயிட்டு வாங்க சார், சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள், ஆயிலைப் பார்க்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஓசூர் ரோட்டில் நைஸ் ரோடு என்கிற டோல் ரோட்டில் ஏறி, நாலாவது கியரில் ஆர்பிஎம் 2,500-க்குக் குறையாமல் அரை மணி நேரம் ஓட்டினோம், விளக்கு அணைந்தது. மறுநாள் காலை இன்ஜின் குளிர்ந்திருந்தபோது டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது, முகர்ந்தால் டீசல் வாடை. ஆயில் குறைந்தால்தானே கவலைப்படுவோம், ஏறினால் யாருக்குத் தோன்றும்? நேராகக் கொண்டுபோய் ஆயிலை மாற்றினோம். உண்மையில் ஆயிலைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஓட்டம் ஓட்டியிருக்க வேண்டும், அது எங்கள் தவறு. இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடதிக்குத் தட்டு இட்லி சாப்பிடப் போகிறான். கேட்டால் டிபிஎஃப்புக்காக என்கிறான்.

ஏற்கெனவே டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சிக்னலில் நிற்கும்போது ஐடில், அதாவது சும்மா நிற்கும் இன்ஜினின் ஆர்பிஎம், கொஞ்சம் ஏறி இருக்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் சம்பந்தமில்லாமல் இரைகிறதா, மைலேஜ் காட்டும் எண் திடீரென்று இறங்கியதா? கரியை எரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீடு வந்துவிட்டாலும் அணைக்காமல் இன்னும் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் இந்த ஊரில் உண்டு, அது சட்டவிரோதம், வாரன்டியும் போய்விடும்.

சரி, அப்படியென்றால் பெட்ரோல்தானா? அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் எந்தப் பெட்ரோல் என்பதில்தான் அடுத்த தவறு. ஹூண்டாய் கிரெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத சாதாரண 1.5 பெட்ரோலுக்கு பவர் 115 பிஎஸ், இழுவையைச் சொல்லும் டார்க் 144 என்எம். டீசல் 116 பிஎஸ், 250 என்எம். டர்போ பெட்ரோல் 160 பிஎஸ், 253 என்எம். "பெட்ரோலில் இழுவை கிடையாது" என்று மாமா சொல்வது அந்த முதல் இன்ஜினுக்குத்தான் பொருந்தும். டர்போ பெட்ரோலுக்கும் டீசலுக்கும் டார்க்கில் மூன்று என்எம்தான் வித்தியாசம். பலர் செய்வது என்னவென்றால் விலையைப் பார்க்கும்போது சாதாரண பெட்ரோலை டீசலோடு ஒப்பிடுவார்கள், பவரைப் பார்க்கும்போது டர்போ பெட்ரோலை ஒப்பிடுவார்கள், கடைசியில் இரண்டும் ஒரே வண்டியில் கிடைப்பதுபோல் நினைத்துக்கொள்வார்கள்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்த அளவு மூச்சு குறையும். சென்னையில் அண்ணன் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருந்துச்சு" என்று இங்கே சாதாரண பெட்ரோலை புக் செய்தால் நாலு பேரோடு ஊட்டி ஏறும்போது தெரியும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் டீசலும் டர்போ பெட்ரோலும் இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

டார்க் சமம் என்றால் ஓட்டுவதும் ஒரே மாதிரி இருக்குமா என்றால், இல்லை. டீசல் 1,500 ஆர்பிஎம்மிலேயே பிடித்துத் தள்ளும், 4,000 நெருங்கினால் சத்தம்தான் மிச்சம். டர்போ பெட்ரோல் 6,000 வரை இழுத்துக்கொண்டே போகும். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் டீசல் கியர் மாற்ற வைக்காமல் சோம்பலாக ஏறிவிடும். டர்போ பெட்ரோலுக்கு மூக்குப் பகுதி எடை குறைவு என்பதால் வளைவில் சட்டென்று திரும்பும், ஓட்டுகிறவருக்கு அதுதான் குஷி. கிரெட்டா என் லைன், ஃபோக்ஸ்வாகன் டைகுன் இரண்டிலும் டீசலே கிடையாது, ஸ்போர்ட்டி என்று பெயர் வைத்தாலே பெட்ரோல்தான் என்று கம்பெனிகள் முடிவெடுத்த மாதிரி. ஆனால் மஹிந்திரா எக்ஸ்யூவி700 மாதிரி பெரிய வண்டிக்குப் போனால் கதை மாறும். பெட்ரோல் 200 பிஎஸ், 380 என்எம். டீசல் ஆட்டோமேட்டிக் 185 பிஎஸ், 450 என்எம். ஏழு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மதுரை வரை போவதென்றால் நான் அந்த டீசலைத்தான் எடுப்பேன்.

இன்ஜினைப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸை மறப்பவர்கள் ஏராளம். அதே கிரெட்டாவில் டீசல் ஆட்டோமேட்டிக் என்றால் ஆயில் வழியாகப் பவரைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், டர்போ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் என்றால் இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் டூயல் கிளட்ச். காலி ரோட்டில் டூயல் கிளட்ச் வெண்ணெய். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் ஒவ்வொரு அடியாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடேறும். முன்னால் இரண்டு கார் இடம் விட்டு மொத்தமாக நகருங்கள், மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். வேடிக்கை பாருங்கள், டிராஃபிக்குக்கு நல்ல கியர்பாக்ஸ் டீசலோடு வருகிறது, டிராஃபிக்குக்கு நல்ல இன்ஜின் பெட்ரோலாக இருக்கிறது.

காசு விஷயம். பெட்ரோல் வண்டிதான் எப்போதும் விலை குறைவு என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு உட்பட்ட வண்டியில் பெட்ரோல் 1,200 சிசி, டீசல் 1,500 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. மூன்று கதவு மஹிந்திரா தாரில் 1.5 டீசலுக்கு 18, 2.0 பெட்ரோலுக்கு 40! அதன்மேல் கர்நாடக லைஃப் டாக்ஸ் இருக்கிறது. ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 14 சதவீதம், பத்திலிருந்து இருபதுக்குள் 17, மேலே 18, அந்த வரிமேல் செஸ் வேறு. ஷோரூம் விலையில் ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்றால் ஆன் ரோட்டில் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால் ஓசூரில் ரிஜிஸ்டர் செய்துகொள்ளலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டிலும் பத்து லட்சத்துக்கு மேல் 18, இருபதுக்கு மேல் 20 சதவீதம், ஆக மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை.

எரிபொருள் செலவுக்கு ஒரு கணக்கு. 2025-இல் இங்கே பெட்ரோல் 103 ரூபாயை ஒட்டி, டீசல் 91-ஐ ஒட்டி. ஊருக்குள் என் வட்டத்தில் கிடைக்கிற மைலேஜ் டீசலுக்கு 14, சாதாரண பெட்ரோலுக்கு 11, டர்போ பெட்ரோலுக்கு 9, காலை அழுத்தினால் 8. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கிலோமீட்டருக்கு டீசல் ஆறரை ரூபாய், டர்போ பெட்ரோல் பதினொன்றரை. வருஷம் 12,000 ஓட்டினால் டீசலில் 60,000 ரூபாய் வரை மிச்சம், விலையோ இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. சாதாரண பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிச்சம் 35,000-தான், கூடக் கொடுத்த பணம் திரும்ப ஐந்து வருஷம் ஆகும். அதாவது ஸ்போர்ட்டியாக வேண்டும் என்பவருக்குத்தான் டீசல் நிஜமாகவே மலிவு, அவர் ரோடு ஒத்துழைத்தால்.

"டீசலுக்கு பத்து வருஷம்தானாமே" என்று பயப்படுவதும் ஒரு தவறுதான். அது டெல்லி வட்டாரத்துக்கு, 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கர்நாடகத்திலோ தமிழ்நாட்டிலோ அந்த விதி இல்லை, 15 வருஷம் ஆனபிறகு எஃப்சி எடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லிக்கு மாற்றலாகும் வேலையில் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கட்டும்.

கடைசியாக டெஸ்ட் டிரைவ். ஷோரூம்காரர் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, ஜே.பி.நகரில் மரம் சூழ்ந்த தெருவில் மூன்று கிலோமீட்டர் ஓட்டச் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த ரோட்டில் ஆட்டோகூட ஸ்போர்ட்டியாகத்தான் இருக்கும். "நைஸ் ரோடு டோல் நான் கட்டுறேன், ஒரு எக்ஸிட் போயிட்டு வரலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்களை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியைப் போடுங்கள், எண்பதிலிருந்து நூறுக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். டீசல், டர்போ பெட்ரோல் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டுங்கள், இடையில் ஒரு வாரம் விட்டால் எது எப்படி இருந்தது என்பது மறந்துபோகும். இன்னொரு ரவுண்டு, வார நாளில் மாலை ஆறரைக்கு, உங்கள் ஆபீஸ் வாசலிலிருந்து வீடு வரைக்கும்.